ஐஸ்கிரீம் உருகியது! மோட்டார் பிறந்தது!

ஓலே எவின்ரூடின் வாழ்க்கைக் கதை

கடற்கரையில் மீன்பிடி படகுகளைப் பார்த்திருப்பீர்கள். படகின் பின்பக்கம் ஒரு மோட்டார் தொங்கும். கரை வந்ததும் அதை மேலே தூக்கி விடுவார்கள். சிறிய மோட்டாராக இருந்தால், கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டு போய் விடலாம்.

இதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். படகின் உள்ளே இல்லாமல் வெளியே தொங்குவதால் இந்தப் பெயர் வந்தது.

இந்த மோட்டாரை உலகம் எங்கும் பரவச் செய்தவர் ஓலே எவின்ரூட். அவர் பெரிய படிப்பு படித்தவர் அல்ல. ஏழை விவசாயியின் மகன். கையையும், மூளையையும், ஒரு நல்ல மனைவியையும் நம்பி முன்னுக்கு வந்தவர்.

இரண்டு முறை அவர் பெரிய கம்பெனியை உண்டாக்கினார். முதல் கம்பெனியை, மனைவியின் உடல் நலத்துக்காகவே விட்டுக் கொடுத்தார்.

நார்வேயில் பிறந்தவர்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு நார்வே. அங்கே மியோசா என்ற பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் உள்ள யோவிக் நகருக்கு அருகே, 1877-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ந் தேதி ஓலே பிறந்தான்.

அந்தக் காலத்தில் நார்வேயில் விளைநிலம் குறைவு. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போனார்கள். ஓலேயின் குடும்பமும் 1882-ல் அமெரிக்காவுக்குப் போயிற்று. அப்போது ஓலேக்கு வயது 5.

கப்பலில் அவனை ஓர் இடத்தில் உட்கார வைக்க முடியவில்லையாம். எப்போது தேடினாலும் எஞ்சின் அறைப் பக்கம்தான் அகப்படுவானாம். தடதட என்று ஓடும் இயந்திரத்தை வாய் திறந்து பார்த்துக் கொண்டு நிற்பானாம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலத்தில் அவர்கள் குடியேறினார்கள். அங்கே ஏரிகள் ஆயிரக் கணக்கில் உண்டு. கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ரிப்ளி ஏரிக்கு அருகே, ஓலேயின் தகப்பனார் பண்ணை வைத்துப் பயிர் செய்தார். நார்வேயில் இருந்த ஒரு பண்ணையின் பெயரே எவின்ரூட் என்று அவர்களுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று.

தகப்பனார் உடைத்த படகு

ஓலே மூத்த பிள்ளை. அவனுக்குப் பின் பல குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவன் வயலில் வேலை செய்தால்தான் எல்லோருக்கும் சாப்பாடு. ஆகவே அவன் பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகள்தான்.

பையனுக்கு உழவில் மனம் செல்லவில்லை. உடைந்த கலப்பையைச் சீர் செய்வான். பழுதான கருவியைப் பிரித்து மாட்டுவான். ஏரியைப் பார்த்தால் படகு ஞாபகம் வந்து விடும்.

15 வயதில் ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கினான். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. வயல் வேலை கிடக்கிறது, இவனுக்குப் படகு ஒரு கேடா என்று நினைத்தார். அதை உடைத்து அடுப்புக்குப் போட்டு விட்டார் என்று சொல்வார்கள்.

ஓலே அழுது கொண்டு உட்காரவில்லை. மறுபடியும் தொடங்கினான். இந்தத் தடவை துண்டு துண்டாகச் செய்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து முடுக்கினான். படகு ஏரியில் மிதந்தது.

தகப்பனாரும் அதைப் பார்த்தார். தன் மகன் உழவுக்குப் பிறந்தவன் அல்ல என்று அவருக்கு அப்போது புரிந்தது.

நடந்தே நகரத்துக்கு

1893-ல் ஓலேக்கு 16 வயது. மாநிலத்தின் தலைநகரான மாடிசனுக்கு அவன் நடந்தே போனான். சுமார் 20 மைல் தூரம்.

அங்கே விவசாயக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பகல் முழுவதும் வேலை. இரவில் விளக்கு வைத்துக் கொண்டு கணக்கும், இயந்திர சாஸ்திரமும் படித்தான். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் கிடையாது. புத்தகமே ஆசிரியர்.

பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ முதலிய நகரங்களில் உள்ள ஆலைகளில் வேலை பார்த்தார். எஃகு உருக்குவது, கடைசல் பிடிப்பது, இரும்பு வார்ப்பது எல்லாம் அவருக்குக் கைவந்தன.

கடைசியில் மில்வாக்கி நகருக்குத் திரும்பினார். அங்கே அல்லிஸ் என்ற பெரிய இயந்திரக் கம்பெனியில் மர மாதிரி செய்யும் வேலைக்குத் தலைவர் ஆனார்.

இரும்பில் ஒரு சாமானை வார்ப்பதற்கு முன்னால், அதை அப்படியே மரத்தில் செய்து கொள்ள வேண்டும். அந்த மர மாதிரியை மண்ணில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். மரத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும், இரும்பும் பிசகி விடும். கண்ணும் கையும் சுத்தமாக இருப்பவருக்குத்தான் அந்த வேலை வரும்.

பக்கத்து வீட்டுப் பெண்

பெட்ரோல் எஞ்சின் அப்போதுதான் உலகத்தில் தலைகாட்டிக் கொண்டிருந்தது. குதிரை இல்லாமல் வண்டி ஓடும் என்று ஜனங்கள் ஆச்சரியமாகப் பேசினார்கள்.

ஓலேக்கும் அந்த ஆசை பிடித்தது. 1900-ல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து எஞ்சின் செய்யும் பட்டறை வைத்தார். அது நிலைக்கவில்லை. மறுபடி வேறு சிலரோடு சேர்ந்து தொழில் தொடங்கினார். அதுவும் கூட்டாளிகள் ஒத்துப் போகாமல் முறிந்தது.

ஓலே நன்றாக வேலை செய்வார். ஆனால் கடிதம் எழுத வராது. கணக்குப் பார்க்க வராது. கடன் வாங்கியவரிடம் கண்டிப்பாகக் கேட்கவும் வராது. மேஜை மேல் கடிதங்கள் பதில் இல்லாமல் குவிந்து கிடக்கும்.

பட்டறைக்குப் பக்கத்தில் பெஸ் கேரி என்ற இளம் பெண் இருந்தாள். வியாபாரக் கல்வி படித்துக் கொண்டிருந்தாள். வயதில் ஓலேயை விடச் சிறியவள். ஆனால் சாமர்த்தியசாலி.

அவள் ஓலேயின் கடிதங்களை எழுதித் தர ஆரம்பித்தாள். பிறகு கணக்கையும் பார்த்தாள். பழக்கம் அன்பாக வளர்ந்தது. 1906-ம் ஆண்டு நவம்பர் மாதம் இருவரும் திருமணம் செய்து கொண்டார்கள். மறு ஆண்டு ரால்ப் என்ற மகன் பிறந்தான்.

உருகிய ஐஸ்கிரீம்

இனி வருவது உலகம் முழுவதும் சொல்லப்படும் கதை.

கோடைக்காலத்தில் ஒரு நாள். ஓலே, பெஸ், நண்பர்கள் எல்லோரும் ஒகாச்சி என்ற ஏரிக்கு உல்லாசமாகப் போனார்கள். துடுப்புப் படகில் ஏறி, ஏரி நடுவே இருந்த ஒரு தீவில் இறங்கிச் சாப்பிட்டார்கள்.

வெயில் சுட்டெரித்தது. ஐஸ்கிரீம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பெஸ் சொன்னாள்.

ஓலே உடனே படகில் ஏறினார். கரை 2½ மைல் தூரம். துடுப்புப் போட்டுக் கொண்டு போனார். ஐஸ்கிரீம் வாங்கினார். மறுபடி 2½ மைல் துடுப்புப் போட்டுக் கொண்டு வந்தார்.

வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் பாலாகி விட்டது! சட்டை வியர்வையில் நனைந்து விட்டது. கை காய்த்து விட்டது.

துடுப்புப் போடும்போதே ஓலேயின் மூளை வேலை செய்தது. வண்டிக்கு எஞ்சின் வைக்கிறார்கள். இந்தச் சின்னப் படகுக்கு ஏன் வைக்கக் கூடாது? அதுவும், வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றும்படி ஏன் செய்யக் கூடாது?

இந்த எண்ணம் வேறு சிலருக்கும் வந்ததுதான். டெட்ராய்ட் நகரில் காமரூன் வாட்டர்மன் என்பவர், ஓலேக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே இதே மாதிரி மோட்டார் செய்து விற்றார். ஆகவே முதன் முதலில் செய்தவர் ஓலே என்று சொல்ல முடியாது. எளிதில் கெடாமல் உழைக்கும்படி செய்து, ஏழை மீனவனின் படகு வரை கொண்டு போய்ச் சேர்த்தவர் ஓலே.

காப்பிக்கொட்டை எந்திரமா?

ஓலே இரவு நேரங்களில் உட்கார்ந்து மோட்டாரைச் செய்தார். முதலில் மர மாதிரிகள். பிறகு இரும்பு, பித்தளை.

செய்து முடித்து மனைவியிடம் காட்டினார். பெஸ் அதைப் பார்த்து, இது காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம் மாதிரி அல்லவா இருக்கிறது என்று சிரித்தார்.

கணவர் கோபப்படவில்லை. இன்னும் திருத்தினார்.

1909-ல் மில்வாக்கி நகரில் ஓடும் கின்னிக்கின்னிக் ஆற்றில், ஒரு வாடகைப் படகில் மோட்டாரை மாட்டிச் சோதித்தார்கள். மோட்டார் பெரிய சத்தம் போட்டது. புகை கக்கியது. ஆனால் படகு ஓடியது! மணிக்குச் சுமார் 5 மைல் வேகம். கரையில் வேலை செய்து கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு நண்பர் மோட்டாரை இரவல் கேட்டு வாங்கிப் போனார். திரும்பி வரும்போது, 10 மோட்டாருக்கு ஆர்டரும் ரொக்கமும் கொண்டு வந்து கொடுத்தார்!

ஓலே கையாலேயே முதலில் 25 மோட்டார்கள் செய்தார். ஒவ்வொன்றும் 1½ குதிரை சக்தி. எடை 62 ராத்தல், அதாவது 28 கிலோ. விலையும் 62 டாலர்!

எப்படி ஓடுகிறது?

ஓலேயின் மோட்டாரில் மேலே ஒரே ஒரு உருளை. அது படுத்த வாக்கில் இருக்கும். உருளைக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும். அந்த வேகத்தில் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும்.

பிஸ்டனின் ஓட்டம், நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு தண்டைச் சுழற்றும். தண்டின் உச்சியில், தட்டைப் போட்டது போல, கனமான ஒரு சக்கரம். தண்டின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இருக்கும். அங்கே இரண்டு பல்சக்கரங்கள், சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி விடும். அதில் மாட்டிய விசிறி சுழன்று தண்ணீரைப் பின்னே தள்ளும். படகு முன்னே போகும்.

எஞ்சின் சூடாகாமல் இருக்க, ஏரித் தண்ணீரையே ஒரு சிறு பம்பு மேலே ஏற்றி, உருளையைச் சுற்றி ஓட விடும். பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றுவதால், உள்பாகங்களுக்குத் தனியாக எண்ணெய் போட வேண்டியது இல்லை.

மோட்டாரைக் கிளப்புவதுதான் கஷ்டம். மேல் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு மரக் குமிழ் இருக்கும். அதைப் பிடித்துச் சுழற்றி, சட்டென்று கையை எடுத்து விட வேண்டும். எடுக்கத் தவறினால், சுழலும் குமிழ் கணுவில் அடிக்கும். பலருக்கு விரல் வீங்கியது உண்டு!

பெஸ் எழுதிய விளம்பரம்

மோட்டார் செய்வது கணவர் வேலை. விற்பது மனைவி வேலை.

துடுப்புப் போடாதீர்கள், துடுப்பைத் தூக்கி எறியுங்கள், எவின்ரூட் மோட்டாரை மாட்டுங்கள் என்ற கருத்தில் பெஸ் ஒரு விளம்பரம் எழுதினார். பத்திரிகையில் அது வெளிவந்ததும் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன.

கடிதம் குவிந்தது. ஆனால் மோட்டார் செய்யப் பணம் இல்லை. அப்போது கிரிஸ் மேயர் என்ற படகுத் தொழில் முதலாளி 5,000 டாலர் போட்டுப் பாதிப் பங்குக்கு வந்தார். எவின்ரூட் மோட்டார் கம்பெனி வளர்ந்தது. 1911-ல் ஓலேக்குக் காப்புரிமைப் பட்டயமும் கிடைத்தது.

பெஸ் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் கடிதம் எழுதினார். நியூயார்க்கில் இருந்த ஏற்றுமதி வியாபாரி ஒருவர் முதலில் சிலவற்றை மட்டும் வாங்கி, நார்வே, டென்மார்க் பக்கம் அனுப்பிப் பார்த்தார். அங்குள்ள மீனவர்களுக்கு மோட்டார் பிடித்து விட்டது. ஆயிரக் கணக்கில் ஆர்டர் வந்தது.

5 வயதில் கப்பல் ஏறி வந்த பையனின் மோட்டார், அவன் பிறந்த நாட்டுக்கே கப்பல் ஏறிப் போயிற்று!

1913-ல் தொழிற்சாலையில் சுமார் 300 பேர் வேலை செய்தார்கள்.

கம்பெனியா? மனைவியா?

பகல் முழுவதும் பெஸ் ஆபீசில் இருப்பார். கடிதம், கணக்கு, விளம்பரம், ஆட்களுக்குக் கூலி எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் கைக்குழந்தை வேறு.

உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பெஸ் நோயில் விழுந்தார். ஓய்வு கட்டாயம் தேவை என்ற நிலை வந்தது.

ஓலே வெகு நேரம் யோசிக்கவில்லை. 1914-ல் கம்பெனியில் தனக்கு இருந்த பங்கை மேயருக்கே விற்று விட்டார். 5 ஆண்டுக் காலம் படகு மோட்டார்த் தொழிலில் இறங்குவது இல்லை என்று எழுதியும் கொடுத்தார்.

தன் பெயரில் ஓடிய கம்பெனி. தானே செய்த மோட்டார். நாளுக்கு நாள் பணம் கொட்டிய காலம். எல்லாவற்றையும் விட்டு விட்டு, மனைவியையும் மகனையும் அழைத்துக் கொண்டு ஊர் ஊராகப் போனார். முதலில் காரில் பயணம். பிறகு படகில் பயணம். பெஸ் மெல்ல மெல்லத் தேறினார்.

இரண்டாவது மோட்டார்

ஊர் சுற்றினாலும் ஓலேயின் மனம் மோட்டாரை விட்டுப் போகவில்லை. தான் செய்த மோட்டாரில் என்ன குறை என்று எண்ணிப் பார்த்தார். கனம் அதிகம். அதிர்ச்சி அதிகம். ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது.

இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ஒரு உருளைக்குப் பதில், எதிர் எதிராக இரண்டு உருளைகள் வைத்தார். ஒன்றின் அதிர்ச்சியை மற்றொன்று அடக்கியது. இரும்பையும் பித்தளையையும் குறைத்து, அலுமினியத்தைச் சேர்த்தார்.

புதிய மோட்டாரின் சக்தி 3 குதிரை. பழைய மோட்டாரைப் போல் இரண்டு மடங்கு. எடையோ 50 ராத்தலுக்கும் குறைவு!

5 ஆண்டுக் கெடு முடிந்ததும், ஓலே பழைய கூட்டாளி மேயரிடம் போனார். புதிய மோட்டாரைச் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டார். மேயர் வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

வீட்டுக்கு வந்தார் ஓலே. கணவனும் மனைவியும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

எவின்ரூட் என்ற பெயர் இப்போது மேயர் கம்பெனிக்குச் சொந்தம். சொந்தப் பெயரையே மோட்டாருக்கு வைக்க முடியாத நிலை. அதற்கும் வழி கண்டார்கள். எவின்ரூடின் லேசான இரட்டை உருளை அவுட்போர்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து, எல்டோ என்று பெயர் வைத்தார்கள்.

1921-ல் எல்டோ மோட்டார் விற்பனைக்கு வந்தது. பெஸ் மறுபடி பேனாவை எடுத்தார். மோட்டார் விறுவிறுப்பாக விற்றது.

அதே நேரத்தில் ஜான்சன் சகோதரர்கள் என்பவர்கள் இன்னும் லேசான மோட்டார் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். போட்டி பலமாக இருந்தது. ஓலே அசரவில்லை. 1928-ல் 4 உருளை கொண்ட எல்டோ மோட்டாரை வெளியிட்டார். படகுப் பந்தயக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

பெயர் திரும்பி வந்தது

மேயர் எவின்ரூட் கம்பெனியை விற்று விட்டார். அது பல கை மாறியது.

1929-ல் எவின்ரூட், எல்டோ, லாக்வுட் ஆகிய மூன்று கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. புதிய கம்பெனிக்கு ஓலே எவின்ரூட் தலைவர் ஆனார். 15 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய பெயர் அவரிடமே திரும்பி வந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. பாங்கிகள் மூடப்பட்டன. லட்சக் கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றால், படகு மோட்டார் யார் வாங்குவார்கள்?

ஓலே தொழிற்சாலையை மூடவில்லை. மகன் ரால்பும் அவருக்குத் துணையாக நின்றார். கஷ்டத்தோடு கஷ்டமாகக் கம்பெனியைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் பெஸ்ஸின் உடம்பு மறுபடி கெட்டது. 1933-ம் ஆண்டு மே மாதம் அவர் இறந்து போனார். வயது 48.

கடிதம் எழுதத் தெரியாத கணவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை ஓய்ந்து விட்டது. ஓலே அதற்குப் பின் அதிக நாள் இருக்கவில்லை. 1934-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி அவரும் காலமானார். வயது 57.

ரால்ப் கம்பெனிக்குத் தலைவர் ஆனார். 1936-ல், போட்டியாக இருந்த ஜான்சன் கம்பெனியும் இதனுடன் சேர்ந்தது. பல ஆண்டுகள் உலகத்தின் பெரிய படகு மோட்டார் கம்பெனியாக அது விளங்கியது. 2000-ம் ஆண்டு அது நொடித்துப் போயிற்று. எவின்ரூட் பெயரைக் கனடா நாட்டு பொம்பார்டியர் கம்பெனி வாங்கியது. பிறகு 2020-ல் எவின்ரூட் மோட்டார் செய்வதே நிறுத்தப்பட்டது.

பழைய மோட்டாருக்கு வைத்தியம்

தொழிற்சாலை நின்று விட்டது. ஆனால் ஓலே செய்த மோட்டார்கள் நிற்கவில்லை! நூறு வயது ஆன மோட்டார்கள் இன்றும் ஏரிகளில் ஓடுகின்றன. அமெரிக்காவில் பழைய படகு மோட்டார் பிரியர்களுக்கு என்று ஒரு சங்கமே உண்டு. தூசி படிந்த மோட்டாரைத் தேடிப் பிடித்து, உயிர் கொடுத்து ஓட்டுவது அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

கிடைத்த மோட்டார் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண் தகட்டைப் பார்ப்பார்கள். அதில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். தகடு விழுந்து போயிருந்தால், உருவத்தை வைத்துச் சொல்ல வேண்டும்.

ஒரே உருளை, மேல் சக்கரத்தில் மரக் குமிழ், பித்தளையும் இரும்புமாக நல்ல கனம் என்றால், அது ஓலேயின் பழைய எவின்ரூட் வகை. எதிர் எதிராக இரண்டு உருளை, அலுமினிய உடம்பு, திருப்புவதற்கு விசிறிக்குப் பின்னால் தனிச் சுக்கான் என்றால், அது பழைய எல்டோ. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 1929-க்குப் பின் ஒரே கம்பெனியிலிருந்து எவின்ரூட், எல்டோ என்ற இரண்டு பெயர்களிலும் மோட்டார் வந்தது. பெட்ரோல் டாங்கியும் ஒரு மோட்டாரிலிருந்து மற்றொன்றுக்கு மாறி இருக்கலாம்.

அடுத்தது ரிப்பேர். கையில் கிடைத்ததும் சுழற்றிப் பார்ப்பது தவறு. துருப்பிடித்த உருளையில் பிஸ்டன் கீறி விடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஊற வைத்து, கையால் மெல்லத் திருப்ப வேண்டும்.

பிறகு மூன்று சோதனை. பிளக்கில் பொறி வருகிறதா? உருளையில் அழுத்தம் இருக்கிறதா? பெட்ரோல் வந்து சேருகிறதா?

பொறி வரவில்லை என்றால், பெரும்பாலும் மின்சாரம் திறந்து மூடும் முனைகளில் அழுக்குப் பிடித்திருக்கும். துடைத்தால் சரியாகும். கம்பிச் சுருளின் மேல் பூச்சு வெடித்திருந்தால், சுருளையே மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பழைய மோட்டாரில் மிதப்பானைத் தக்கையால் செய்து, அரக்கு பூசியிருப்பார்கள். இன்றைய பெட்ரோலில் ஆல்கஹால் கலந்து வருகிறது. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். தக்கை நனைந்து மூழ்கி விடும். பெட்ரோல் வழிந்து கொட்டும். மோட்டார் கெட்டு விட்டது என்று பலர் பயப்படுவது இதனால்தான். தக்கைக்கு வேறு பூச்சுப் பூசினால் போதும்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. பழைய மோட்டாருக்கு இன்றைய மோட்டாரை விட அதிகமாக எண்ணெய் கலக்க வேண்டும். கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதானால், அடிப்பாகத்தைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் உருளை சூடேறிப் பாழாகும்.

பல பழைய மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு சேர்க்க ஒரு சிறு ஊசி இருக்கும். விசிறி பாறையில் இடித்தால், அந்த ஊசி முறிந்து விடும். இது குறை அல்ல. ஊசி முறிந்து, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைக் காப்பாற்றுகிறது. அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான இரும்பு ஆணியைச் செருகினால், அடுத்த இடியில் பல்சக்கரம் போய் விடும். இரண்டு காசு மிச்சம் பிடித்து, மோட்டாரையே இழக்க நேரிடும்.

இவ்வளவு பார்த்துச் செய்தபின், சக்கரத்தைச் சுழற்றினால், பழைய மோட்டார் இருமி, புகை விட்டு, ஓடத் தொடங்கும்.

கழற்றுவதும் மாட்டுவதும் எளிதாக இருக்க வேண்டும், பட்டறை இல்லாத ஊரிலும் சீர் செய்யும்படி இருக்க வேண்டும். மீனவன் கையில் நிலைக்கக் கூடிய மோட்டார் அதுதான். தகப்பனார் உடைத்த படகைத் துண்டு துண்டாகச் செய்து மறுபடி பூட்டிய பையன், மோட்டாரையும் அப்படியே பிரிக்கவும் பூட்டவும் முடியும்படி செய்து வைத்தார். அதனால்தான் அவர் மறைந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், அது சாதாரண மனிதர்களின் கையால் பழுது தீர்ந்து ஓடிக் கொண்டிருக்கிறது.